நோன் என்றால் நஞ்சை

கொரிய பாஷையில் அடியெடுத்து வைக்கும் காவேரிக்கரைப் பிள்ளைகளுக்காக

காவேரிக் கரையில் அறிமுகமான இருவர் எந்த வேளையில் எதிர்ப்பட்டாலும், மழையைப் பற்றியும் வாய்க்காலில் வந்த தண்ணீரைப் பற்றியும் பேசத் தொடங்குவதற்கு முன்னால், "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது நம் முன்னோர் காலத்திலிருந்து வரும் சம்பிரதாயம். கேட்கிறவர் இலை போடுகிற உத்தேசத்தோடு கேட்பதுமில்லை. பதில் சொல்லுகிறவர் தம் பசியை அளந்து பார்த்துச் சொல்லுவதுமில்லை. க்ஷேமத்தை விசாரிப்பதற்கு நெல் விளையும் சீமையில் ஏற்பட்ட பேச்சு அது, அவ்வளவுதான்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, திருவையாற்றுக்குச் சமீபத்தில் எங்கள் தெருவில், கல்லூரியில் இரண்டாம் வருஷம் வாசிக்கும் அடுத்த வீட்டுப் பெண், நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த தன் பாட்டனாரிடம், "ஹராபொஜி, ஜின்ஜி ஜாப்ஸுஸ்யொஸ்ஸொயோ?" என்று கேட்டாள்.

"என்னடி இது, காக்கா விரட்டற மாதிரி?" என்றார் கிழவர்.

"கொரியா பாஷை தாத்தா. சாப்பிட்டாச்சான்னு மரியாதையாக் கேட்டேன்."

"அங்கேயும் அதைத்தான் கேக்கறாளா?" என்று வியந்தவர், சிறிது யோசித்து, "அப்போ அவாளும் நெல்லுக்காராதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பாஷா சாஸ்திரிகள் பல பக்கங்களில் விவாதித்த ஒரு விஷயத்தைக் கிழவர் ஈரக்காலோடு நின்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டதாகத் தோன்றியது. அன்றிலிருந்து, அறுபது கடந்த வயதில், அந்தப் பெண்ணின் பழைய நோட்டுப் புத்தகத்தைக் கடன் வாங்கி நானும் கொரியச் சொற்களை எழுதிப் பார்த்து வருகிறேன். அந்த அப்பியாசத்தில் கண்டவற்றைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இந்த ஆசை?

பத்தாண்டுகளுக்கு முன் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பிய காலத்தில், அத்தொடர்களில் வரும் மாமியாரும் மருமகளும் மூத்த பிள்ளையும் நம் வீட்டு மனுஷர்களைப் போலவே கோபித்துக்கொள்வதையும் அழுவதையும் பார்த்துப் பெண்கள் மனம் பறிகொடுத்தார்கள். பிறகு கைப்பேசி வந்து, தமிழ்க் குரலை நீக்கி மூலக் குரலையே கேட்கும் வசதியைத் தந்தது. பாட்டுக் கோஷ்டிகளின் மோகமும் சேர்ந்துகொண்டது. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் ஜீவனோபாயம் இருக்கிறது. 1996-இல் இந்தியாவில் நிறுவப்பட்ட ஹூண்டாய் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் செய்யத் தொடங்கியதிலிருந்து, அதைப் பின்தொடர்ந்து வந்த கொரியத் தொழிற்சாலைகளில் டெல்டாப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். சென்னையில் 2006 முதல் இயங்கி வரும் இன்கோ சென்டர் கொரிய பாஷைக்கு வகுப்புகள் நடத்துகிறது. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இருந்துகொண்டு கற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கைப்பேசியே குரு.

அந்நிய பாஷை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மராட்டிய மன்னர் சாஹஜி, ஐந்து பாஷைகள் பேசும் பாத்திரங்களை ஒரே மேடையில் ஏற்றிப் 'பஞ்சபாஷா விலாஸ நாடகம்' இயற்றியது இந்தத் தஞ்சையில்தான். இரண்டாம் சரபோஜி பல பாஷைப் புஸ்தகங்களைச் சேர்த்து வளர்த்த சரஸ்வதி மகால் இன்னும் அரண்மனைக்குள் இருக்கிறது. ஆகவே, "நமக்கு எதற்கு ஐயா கொரியா பாஷை?" என்று கேட்பவர், தம் ஊர்ச் சரித்திரத்தையே மறந்து கேட்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வயலிலிருந்து இலைக்கு

கொரியச் சொற்களை எழுத்துகளாகத் தமிழில் பெயர்ப்பது ஏறக்குறையத்தான் முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குறையோடு, அவர்கள் வயலுக்குள் இறங்குவோம்.

ஆங்கிலத்தில் நிலத்திலிருப்பதும் 'ரைஸ்', மூட்டையிலிருப்பதும் 'ரைஸ்', இலையில் விழுவதும் 'ரைஸ்'. அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டு நம் குடியானவன் சிரிப்பான். கொரியனும் சிரிப்பான். ஏனெனில் அவனுக்கு நெல் 'ப்யொ', அரிசி 'ஸ்ஸால்', சோறு 'பாப்'. நாற்று 'மோ'; அதைப் பறித்து நடும் நடவு 'மோநேகி'. நஞ்சை என்று நாம் சொல்லும் நீர் நிற்கும் நிலம் 'நோன்'; புஞ்சை 'பாத்'. நமக்கு 'நஞ்சை புஞ்சை' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒருவனுடைய ஆஸ்தி முழுவதும் அடங்கிவிடுவதைப் போல, அவர்களுக்கும் 'நோன்பாத்' என்று ஒரு கூட்டுச்சொல் இருக்கிறது. தண்ணீர் 'முல்'. கஞ்சி 'ஜுக்'. பானையின் அடியில் பிடித்துக்கொண்ட காந்தல் 'நுருங்ஜி'; அந்தக் காந்தலில் நீர் வார்த்துக் கொதிக்கவைத்து உணவுக்குப் பின் குடிக்கும் பானம் 'ஸுங்ன்யுங்'. நீராகாரத்தின் பெருமையை அறிந்த ஒருவனுக்கு அந்தச் சொல்லை அகராதி பார்த்து விளக்க வேண்டுமா? புத்தரிசிக்கும் அவர்களிடம் தனிச்சொல் உண்டு, 'ஹெப்ஸ்ஸால்' என்று. அறுவடைக் காலத்துப் பௌர்ணமியில் வரும் 'சூஸொக்' பண்டிகைக்கு, அரிசிமாவைப் பிசைந்து, எள்ளையோ பயற்றையோ பூரணமாக வைத்து, அரைச்சந்திரனைப் போல மடித்து, ஆவியில் வேகவைத்து 'ஸோங்ப்யொன்' செய்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் கொழுக்கட்டை என்று சொல்லி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள்.

வேற்று பாஷை கற்கிறவனுக்குச் சொல்லைக் காட்டிலும் பொருள்தான் பாரம். காணாத பண்டத்துக்குக் கேளாத பெயரைச் சுமப்பது இரட்டைச் சுமை. பனி பெய்யும் தேசத்துப் பாஷையில் பனிக்குள்ள பத்துச் சொற்களை மனப்பாடம் செய்யும் தமிழ்ப் பிள்ளை படும் அவஸ்தையை, அவன் கொரியாவின் வயற்சொற்களில் படுவதில்லை. பண்டம் அவன் கண்முன்னே வரப்பின் மேல் இருக்கிறது. பெயரை மாத்திரம் மாற்றி வைத்துக்கொண்டால் போதும். 'நெற்கதிர் முற்ற முற்றத் தலை குனியும்' என்ற பொருளில் கல்வியும் பணிவும் உடையவரைக் கொரியர்கள் புகழும் பழமொழி ஒன்று உண்டு. தை பிறப்பதற்கு முன் சம்பா வயலோரம் நடந்தவர்களுக்கு அதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

அரசர் செய்த எழுத்து

கொரிய எழுத்தை ஹங்குல் என்கிறார்கள். ஸேஜோங் என்ற அரசர் 1443-இல் அதை அமைத்து 1446-இல் பிரகடனம் செய்தார். அதற்கு முன் படித்தவர்கள் சீன எழுத்தில் எழுதினார்கள், படியாதவர்கள் எழுதவேயில்லை. ஆதியில் 28 எழுத்துகள்; வழக்கொழிந்தவை போக இன்று அடிப்படையானவை 24, அவற்றுள் மெய் 14, உயிர் 10. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஒரு கட்டமாக அடுக்கி எழுதுவது அந்த லிபியின் முறை. நம் பிள்ளைகளுக்கு உயிர், மெய், உயிர்மெய் என்ற பாகுபாடு அரிச்சுவடியிலேயே வந்துவிடுகிறபடியால் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அதைவிட ஆச்சரியமானது அவ்வெழுத்துகளின் வடிவம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் வகுத்து, நாவும் அண்ணமும் பல்லும் இதழும் எவ்வாறு பொருந்தினால் எந்த எழுத்துப் பிறக்கும் என்று விவரித்தார் அல்லவா? ஸேஜோங் அரசர் அந்தப் பொருத்தத்தையே சித்திரமாக வரைந்துவிட்டார். ககரத்துக்குரிய எழுத்து, நாவின் அடி மேலெழுந்து தொண்டையை அடைக்கும் தோற்றம். நகரத்துக்குரியது, நுனிநா மேலே தொடும் தோற்றம். மகரத்துக்குரியது, மூடிய வாயின் சதுரம். பிறப்பியலைப் பாடம் கேட்ட தமிழ் மாணவன் ஹங்குலை ஒரு வாரத்தில் வாசிக்கக் கற்றால் அதில் வியப்பில்லை.

இன்னொரு சௌகரியமும் உண்டு. தமிழில் 'கடல்' என்ற சொல்லின் முதற் ககரம் வலித்தும், 'அகம்' என்பதன் நடுக்ககரம் மெலிந்தும் ஒலிக்கின்றன, எழுத்து ஒன்றே. இடத்தைக் கொண்டு ஒலியை மாற்றிக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கொரியத்திலும் அப்படியே. மாமிசத்தைக் குறிக்கும் 'கோகி' என்ற சொல்லில் இரண்டிடத்திலும் எழுத்து ஒன்றுதான். முதலில் வலித்தும் இடையில் மெலிந்தும் ஒலிக்கும். ஆங்கிலத்தின் வழியே கற்கிறவர்களுக்கு இதற்கு ஒரு பக்கம் விளக்கம் வேண்டும். தமிழனுக்கு வேண்டியதில்லை.

குற்றியலுகரமும் கும்பகோணம் காப்பியும்

கொரிய உயிர்களுள் ஒன்றைப் படுத்த கோடாக எழுதுகிறார்கள்; அது பூமியின் சமதளத்தைக் குறிப்பது. உதட்டைக் குவிக்காமல் உகரத்தைச் சொன்னால் எழும் ஓசை அது. பிற தேசத்தார் பலர் இந்த ஓசைக்காகக் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்கிறார்கள். 'காசு', 'நாடு', 'பாட்டு' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். ஈற்றில் குறுகி ஒலிக்கும் நம் குற்றியலுகரம் ஏறக்குறைய அதுவேதான்.

ஆங்கிலச் சொற்கள் கொரியர் வாயில் படும் பாட்டையும், நம் வாயில் படும் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த ஒற்றுமை விளங்கும். பஸ் என்று நிறுத்தாமல் நாம் 'பஸ்ஸு' என்கிறோம். அவர்கள் 'பொஸு' என்கிறார்கள். ஈற்றில் நிற்கும் உகரம் ஒன்றே. 'எஃப்' என்ற ஒலி இரு பாஷைக்கும் அந்நியமானபடியால் நாம் அதைப் பகரமாக்கிக் 'காப்பி' என்றோம். அவர்கள் 'கொபி' என்றார்கள். கும்பகோணத்தில் டபராவில் ஆற்றிக் குடிப்பவரும் ஸோல் நகரத்தில் கோப்பையில் வாங்கிக் குடிப்பவரும் ஒரே தினுசில்தான் அந்தப் பரதேசிச் சொல்லைத் திருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சோற்றைக் குறிக்கும் 'பாப்' பகர மெய்யில், உதட்டை மூடியபடியே முடிகிறது. நம் நாக்கோ வல்லின மெய்யில் நிற்கப் பழகாமல் 'பாப்பு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்துவிடும். நான் மூன்று வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "தாத்தா, பாப்பு இல்லே, பாப். வாயை மூடிண்டுடுங்கோ" என்று அந்தப் பெண் என்னைத் திருத்தினாள். வாயை மூடிக்கொள் என்று ஒரு சிறு பெண் சொல்ல, அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டது என் ஆயுளில் அதுவே முதல் தடவை.

மற்றொரு கஷ்டம் மூவகை வல்லினம். மெலிந்த பகரத்தோடு 'புல்' என்றால் நெருப்பு. மூச்சை உந்திச் சொன்னால் அதே 'புல்' பசும்புல். உதட்டை இறுக்கிச் சொன்னால் மாட்டின் கொம்பு. இறுக்கிச் சொல்லுவது நம் 'அப்பம்' என்பதில் வரும் பகர இரட்டையைப் போன்றது, ஆதலால் கைவசம் இருக்கிறது. மூச்சை உந்தும் ஒலிதான் தமிழில் இல்லாதது. தியாகராஜ கீர்த்தனைகளைச் சுத்தமாகப் பாடம் செய்தவர்களுக்கு வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து பழகியிருக்குமாகையால், இந்த விஷயத்தில் திருவையாற்றுக்காரருக்குச் சிறிது சலுகை உண்டு.

புணர்ச்சியை மறந்துவிடக் கூடாது. குழம்பு, ரசம் வகைகளுக்குக் கொரியத்தில் 'குக்' என்று பெயர். அதன் சாற்றுநீர் 'குக்' என்பதோடு 'முல்' சேர்ந்தது. எழுதுவது அப்படி, சொல்லும்போது 'குங்முல்' என்றாகிவிடும். மெல்லினம் வந்தால் முன்னிற்கும் வல்லினம் தன் இன மெல்லினமாகத் திரிவது அங்கே தவறாத விதி: ககரம் ஙகரமாகும், தகரம் நகரமாகும், பகரம் மகரமாகும். வாக்கும் மயமும் சேர்ந்து 'வாங்மயம்' ஆனதையும், ஜகத்தும் நாதனும் சேர்ந்து 'ஜகந்நாதன்' ஆனதையும் அறிந்தவர்கள் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. 'சாப்பிட்டாயா' என்பதற்குச் சமமான 'பாப் மொகொஸ்ஸொயோ' என்ற கேள்வி, கொரியன் வாயில் 'பாம் மொகொஸ்ஸொயோ' என்றே வரும். 'வந்தனம்' என்று பொருள்படும் 'கம்ஸாஹப்நிதா' எப்போதும் 'கம்ஸாஹம்நிதா'தான்.

பெரியப்பாவும் பெரியோர் சொல்லும்

உறவுமுறைச் சொற்களுக்கு வந்தால், நம் கூட்டுக் குடும்பத்தின் கூடத்துக்குள்ளே நுழைந்ததைப் போல இருக்கிறது. தகப்பனார் 'அபொஜி'. தகப்பனாரின் தமையன் 'குன் அபொஜி'. 'குன்' என்றால் பெரிய, ஆகவே பெரியப்பா. தகப்பனாரின் தம்பி 'ஜாகுன் அபொஜி'. 'ஜாகுன்' என்றால் சிறிய, ஆகவே சித்தப்பா. தகப்பனாரின் சகோதரி 'கோமோ', நம் அத்தை; தாயாரின் சகோதரி 'இமோ'. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாளைக் கொரியர்கள் 'இமோ' என்று கூப்பிடுவது, நாம் இட்லிக்கடையில் "அக்கா, இன்னும் ரெண்டு" என்று கேட்பதைப் போல. கூடப்பிறந்த மூத்தவர்களைக் குறிப்பதில் மாத்திரம் ஒரு வேற்றுமை உண்டு: அண்ணனைத் தங்கை 'ஓப்பா' என்பாள், தம்பி 'ஹ்யொங்' என்பான்; அக்காளைத் தங்கை 'ஒன்னி' என்பாள், தம்பி 'நூனா' என்பான். தொடர்களைப் பார்த்துக் கற்ற நம் பையன்கள் சிலர் தங்கள் அண்ணன்மாரை 'ஓப்பா' என்று அழைப்பதைக் கேட்டால் கொரியர்கள் சிரித்துவிடுவார்கள்.

மரியாதையோ அந்தப் பாஷையின் முதுகெலும்பு. சமமானவரின் உணவு 'பாப்'. பெரியவரின் உணவு 'ஜின்ஜி'. பெயர் 'இரும்', பெரியவரின் பெயர் 'ஸொங்ஹாம்'. வயது 'நாயி', பெரியவரின் வயது 'யொன்ஸே'. இந்த உபசார வார்த்தைகளுள் பல சீனத்திலிருந்து கொரியத்துக்கு வந்தவை. நாமும் நீரை மரியாதையாகச் சொல்லும்போது தீர்த்தம் என்றும், பெயரைத் திருநாமம் என்றும், சோற்றைப் பிரசாதம் என்றும் வடமொழியை நாடுகிறோம். கொரிய அகராதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் சீன வழி வந்தவை. அவற்றுள் ஒரு மூலத்தை அறிந்தால் ஒரு குடும்பமே தெரிந்துவிடும்: 'ஹாக்' என்றால் கற்றல், 'ஹாக்ஸேங்' மாணாக்கர், 'தேஹாக்' பல்கலைக்கழகம், 'முன்ஹாக்' இலக்கியம், 'ஸூஹாக்' கணிதம்.

எண்களிலும் இந்த இரட்டை வழக்குத் தொடர்கிறது. நாட்டு எண் 'ஹானா, துல், ஸெத்'. சீன எண் 'இல், இ, ஸாம்'. மூன்றரை மணியைச் சொல்லும்போது, மணிக்கு நாட்டு எண்ணும் நிமிஷத்துக்குச் சீன எண்ணும் வைத்து 'ஸே ஸி ஸாம்ஸிப் புன்' என்கிறார்கள். கற்கத் தொடங்குகிறவர்கள் இதைக் கண்டு சலித்துக்கொள்கிறார்கள். பதினோராம் தேதி ஏகாதசி என்று ஒரே மூச்சில் தமிழெண்ணையும் வடமொழியெண்ணையும் சொல்லி, அதில் ஒரு குழப்பமும் காணாத நாம் சலித்துக்கொள்ளலாகாது.

வாக்கிய அமைப்பிலோ, தமிழ் வாக்கியத்தை எடுத்து அந்தந்த இடத்திலேயே சொல்லை மாற்றினால் பெரும்பாலும் கொரிய வாக்கியமாகிவிடுகிறது. 'நான் நேற்று கும்பகோணத்தில் காப்பியைக் குடித்தேன்' என்பது 'ஜொநுன் ஒஜே கும்பகோணமெஸொ கொபிருல் மஸ்யொஸ்ஸொயோ'. இடவுருபு ஊர்ப்பெயருக்குப் பின், ஐயுருபு காப்பிக்குப் பின், வினை கடைசியில். 'நாற்றை நடுகிற மனிதர்' என்பது 'மோருல் ஸிம்நுன் ஸாரம்'. பெயரெச்சமும் நம் இடத்திலேயே நிற்கிறது. போனான், போனாள், போனார்கள் என்ற விகுதி பேதங்கள் அவர்களுக்கு இல்லாமையால், கற்கிறவனுக்கு வேலை இன்னும் குறைவு.

சாலி என்னும் மயக்கம்

இவ்வளவு ஒற்றுமைகளைக் கண்ட பிறகு, "கொரியமே தமிழிலிருந்து பிறந்ததுதான்" என்று சொல்லிவிடும் சபலம் யாருக்கும் எழும். அப்பா அங்கேயும் 'அப்பா', அம்மா 'ஒம்மா', நான் 'நா', நீ 'நொ', நாள் 'நால்', வா என்பது 'வா', புல்லும் 'புல்'. இத்தகைய பட்டியல்கள் கைப்பேசியில் தினமும் வலம் வருகின்றன. இந்தச் சபலம் பழமையானதுங்கூட. 1886-இல் கொரியா சென்று ஆசிரியப் பணி புரிந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், இடையன்குடி கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தின் வழியைப் பின்பற்றி, கொரியத்தையும் திராவிட பாஷைகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஸோலில் ஒரு நூலே வெளியிட்டார். ஜப்பானியப் பேராசிரியர் சுஸுமு ஓனோ, யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியரின் துணையோடு, ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு நாட்ட நெடுநாள் உழைத்தார். நெற்சாகுபடிச் சொற்கள் அவருடைய ஆதாரங்களுள் முக்கியமானவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யொன் என்ற பிக்ஷு எழுதிய 'ஸாம்குக் யூஸா', கி.பி. 48-இல் 'ஆயுத' என்ற தேசத்து இளவரசி கடல்கடந்து வந்து காயா நாட்டரசரை மணந்தாள் என்று கூறுகிறது. அந்தத் தேசம் அயோத்தி என்பார் சிலர், நம் தென்னாடே என்பார் சிலர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பன்னிரண்டு நூற்றாண்டு பிந்தி எழுதப்பட்ட கதை அது என்பதை இரு சாராரும் நினைவில் வைப்பது நல்லது.

பாஷா சாஸ்திரிகளில் பெரும்பாலோர் இந்த உறவை இன்றளவும் அங்கீகரிக்கவில்லை. காரணத்தை ஒரே ஓர் அரிசியைக் கொண்டு விளக்கலாம். அரிசி கொரியத்தில் 'ஸ்ஸால்'; வடமொழியில் 'சாலி' என்றால் நெல், தமிழிலும் செஞ்சாலி என்று வழங்குகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தவுடன் மனம் துள்ளுகிறது, நானும் துள்ளினேன். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டுக் கொரிய நூல்களில் அச்சொல்லுக்கு முன்னே ஒரு பகரம் நிற்கிறது. 'ப்ஸால்' என்பதுதான் அதன் பழைய வடிவம். அதற்கும் முந்தி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியச் சொற்களைக் கேட்டெழுதிய சீனர் ஒருவர், அரிசிக்கு அவர்கள் சொன்ன ஒலியைக் குறிக்கப் போதிசத்துவருக்குச் சீனர் வழங்கும் எழுத்துகளையே உபயோகித்திருக்கிறார். அந்தப் பகரம் பின்னால் தேய்ந்து மறைந்தது. முற்றிலும் மறைந்துவிடவுமில்லை, புத்தரிசியைக் குறிக்கும் 'ஹெப்ஸ்ஸால்' என்ற சொல்லின் நடுவே, உமி நீங்காத நெல்லைப் போல இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய 'ஸ்ஸால்' சாலியைப் போல ஒலிப்பது, பகரம் உதிர்ந்ததால் நேர்ந்த தற்செயல். அப்பாவும் அம்மாவுமோ, உதடு ஒட்டிப் பிரிவதால் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள். உலகத்துப் பாஷைகள் பலவற்றில் அவை பெற்றோரைக் குறிக்கின்றன.

அப்பட்டியல்கள் பயனற்றவை என்பது என் கருத்தன்று. 'புல்' என்றால் புல் என்று ஒரு முறை கேட்டவன் மறக்கவே மாட்டான். ஞாபகத்துக்கு அவை நல்ல முளைகள். வம்சாவளிக்கு அவை சாட்சியாகா. ஒலி ஒற்றுமையை நம்பிப் போகிறவனுக்குச் சில டஜன் சொற்களோடு வழி முடிந்துவிடும். நஞ்சை, நாற்று, சோறு, பெரியப்பா, பெரியோர் வார்த்தை என்று வாழ்க்கை ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அகராதி முழுவதும் வழி இருக்கிறது. உறவுக்காரன் என்று பொய்ச் சாட்சி சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டாம். அதே தொழில் செய்கிறவன் என்று உண்மையைச் சொன்னாலே திண்ணையில் இடம் கொடுப்பார்கள். "அவாளும் நெல்லுக்காராதான்" என்று எங்கள் தெருக் கிழவர் சொன்னதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மணலில் எழுதிய மாணவர்

கற்கும் முறைக்கு நம் டெல்டாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய ஸீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், தமிழில் ஓரெழுத்தும் அறியாதவராக வந்து, உள்ளூர் உபாத்தியாயரை அழைத்து, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிக் கற்றார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. குழந்தையின் வரிசையில் உட்காரக் கூசாமையே அவருடைய பலம்.

கொரியப் பாஷைத் தேர்ச்சிக்கு உலகெங்கும் நடக்கும் 'டோபிக்' என்ற பரீக்ஷையில் முதற்படிக்கு வேண்டிய சொற்கள் ஏறக்குறைய 800 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆரம்பத் தேர்வில் கேட்டறிதலும் வாசித்தறிதலும் மாத்திரமே உண்டு. 200 மார்க்குக்கு 80 வாங்கினால் முதற்படி கைகூடும். 800 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். நாளொன்றுக்கு எட்டுச் சொல் வீதம் நூறு நாளில் அது முடிந்துவிடும். குறுவை நெல் விதைத்து அறுவடையாகும் காலமும் நூறு நாளுக்குச் சற்று மேற்பட்டதுதான். சொற்களைப் பட்டியலாக ஒப்பிக்காமல், பொருள் இருக்கும் இடத்தில் வைத்துக் கற்க வேண்டும். அந்தப் பெண் அரிசிப் பானையின் மேல் 'ஸ்ஸால்' என்றும், கதவில் 'முன்' என்றும், உப்பு ஜாடியில் 'ஸோகும்' என்றும் சீட்டெழுதி ஒட்டியிருக்கிறாள். அவள் பாட்டி இப்போது, "அந்த ஸோகுமை எடுத்துண்டு வா" என்று கேட்கிறாளாம். முதலில் எழுத்து, அடுத்து வாய், அப்புறம் ஏடு என்ற வரிசையைக் கைவிடாமல், ஒவ்வொரு சொல்லையும் தமிழெழுத்தில் எழுதும் பழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிட வேண்டும்; இக்கட்டுரையில் நான் எழுதியிருப்பதுபோல் எழுதிக்கொண்டே இருந்தால் நாக்கு என்றைக்கும் 'பாப்பு' என்றுதான் சொல்லும்.

மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்று தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், நோட்டைத் திறந்து தினம் எட்டுச் சொல்லாக எழுதி வருகிற பிள்ளைக்குச் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் 800 சொல் வீடு வந்து சேர்ந்துவிடும். முதல் நாளுக்குரிய எட்டையும் வாசகர்களுக்கு இங்கேயே தந்துவிடுகிறேன்: ப்யொ, மோ, நோன், பாத், முல், ஸ்ஸால், பாப், ஜுக்.